பெரிய வீடு, மஞ்சக்குப்பம் 🏠 (குழு)

குமார் சித்தப்பா: சின்ன அண்ணன் மணிவிழா மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சு. திருவந்திபுரம்தான். ஞாயிறு காலை 6 மணிக்கே ஹோமம். வெளியூர்க்காரர்கள் வெள்ளி இரவே வந்துவிடுங்கள்.

சரவணன்: திருக்கடையூர் என்றல்லவா பேச்சு?

அத்தை: அதை மறுபடியும் கிளறாதே சரவணா.

கவிதா அண்ணி: வெள்ளியே வந்து சனிக்கிழமை முழுக்க என்ன செய்வது? பிள்ளைகள் மூன்றும் போனை விட்டு இறங்காதுகள்.

ரேவதி: அண்ணி, நானும் அதைத்தான் கேட்க வந்தேன். சனிக்கிழமை காலை பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் பயணம் போகலாமா? சரளைப் பாதையில் ஓட்டுகிற என் கிராவல் பைக்கைப் பிரித்துப் பெட்டியில் போட்டு எடுத்து வருகிறேன். பாலாவும் வரவேண்டும்.

அத்தை: பாலா வரமாட்டான்.

சரவணன்: 🙄

அத்தை: போன தை மாதம் புறவழிச்சாலையில் அவனை லாரி இடித்துப்போட்டுப் போனது எல்லாருக்கும் மறந்துவிட்டதா? ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். சைக்கிள் பேச்சே வேண்டாம் கண்ணு.

குமார் சித்தப்பா: சரி விடு

ரேவதி: அத்தை, நான் சொல்வது ரோட்டில் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் இருக்கிற பர்கண்டியில், ஓடாமல் நின்றுபோன ஒரு ரயில் தடத்தின் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரைக்கும் 44 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாக மாற்றி 1997இல் திறந்தார்கள். பிரான்சில் அந்த மாதிரிப் பாதைகளில் அதுதான் முதலாவது. மோட்டார் வண்டிகளுக்கு அங்கே இடமே கிடையாது. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் இருப்பதே காலுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள் முன்னால் போக, தாத்தா பாட்டிகள் பின்னால் பேசிக்கொண்டே மிதிப்பார்கள். அதை விட்டு விலகி மேட்டில் ஏறினால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதை, அப்புறம் காடு, அப்புறம் குன்று. எங்கள் மாக்கோன் பக்கம் சொலுத்ரே என்று ஒரு பாறைக் குன்று, 493 மீட்டர். அதன் அடிவாரத்துத் தோட்டங்களில் அறுவடைக் காலத்தில் டிராக்டர் வரும், மற்ற நாளில் பறவைச் சத்தம்தான். பின்னால் ஹார்ன் அடிக்க யாரும் இல்லை என்று தெரிந்தால் உடம்பே தளர்ந்துவிடும் அத்தை. பாலாவுக்கு அது ஒரு காலையாவது கிடைக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

சரவணன்: இவ்வளவையும் போனிலா தட்டினாய்

கவிதா அண்ணி: சின்னவன் கேட்கிறான், ரயில் பாதை என்றால் குகை உண்டா?

ரேவதி: உண்டு! க்ளூனிக்குத் தெற்கே 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு. ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். உள்ளே வௌவால்கள் தூங்கும்.

கவிதா அண்ணி: வௌவாலுக்காகப் பாதையையே மூடுகிறார்களா!

சரவணன்: நம் வீட்டுப் புளியமரத்து வௌவால்களை அப்பா விரட்டியது ஞாபகம் இருக்கிறதா 😂 தகர டின்னோடு

பெரியப்பா: அது பழந்தின்னி. கொய்யா முழுக்கத் தின்றது.

சரவணன்: அப்பா ஆன்லைனில் இருக்கிறார் 🙏

கவிதா அண்ணி: எங்கள் பக்கம் வந்துவிடுங்கள். ஆரோவில் காட்டுக்குள் செம்மண் பாதைதான். 1968இல் தொடங்கியபோது மொட்டை மேடாகக் கிடந்த இடம், இப்போது வெயிலே இறங்காது.

குமார் சித்தப்பா: ஆரோவில் பாதையில் ஸ்கூட்டர் வரும் கவிதா. அவ்வளவு தூரம் போய்த் திரும்பினால் மாலை நிச்சயதார்த்த அலங்காரத்தை யார் பார்ப்பது?

கவிதா அண்ணி: நிச்சயதார்த்தமா? 60 வயதில் 😀

குமார் சித்தப்பா: வாய் தவறிவிட்டது. மாலை அழைப்பு.

அத்தை: அண்ணி காதில் விழப்போகிறது.

ரேவதி: திராட்சைக்குப் பதில் நமக்கு முந்திரி இருக்கிறதே. நம் நடுவீரப்பட்டுத் தோப்புக்கு உள்ளேயே போகலாம். கேப்பர் மலை, ஆரோவில் மேடு, திருவக்கரைக் கல்மரம் கிடக்கிற நிலம், எல்லாமே ஒரே பாறை வகை. புவியியலில் அதற்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர். அந்தச் செம்மண்ணில் உருண்டை உருண்டையாகச் சரளைக்கல் கலந்திருக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். கிராவல் பைக் கேட்பதும் இந்த மாதிரித் தரைதான். தனி பைக் கூடத் தேவையில்லை. பிள்ளைகள் வைத்திருக்கிற கியர் சைக்கிளில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் டயர் கல்லின் மேல் துள்ளாமல் அப்பிக்கொண்டு போகும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து டியூப் கிழியும்.

குமார் சித்தப்பா: கருவேல முள்ளை மறந்துவிட்டாய். உன் வண்டிக்கு டியூப் இல்லை, உள்ளே ஊற்றின பசைப் பால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இவர்களுக்கு? பஞ்சர் டப்பாவும் பம்ப்பும் நான் எடுத்து வருகிறேன்.

சரவணன்: அப்போ சித்தப்பா வருகிறார் 👏

குமார் சித்தப்பா: பின்னால் டிவிஎஸ்ஸில்

ரேவதி: மோட்டார் வேண்டாம் சித்தப்பா 🙏 நீங்களும் மிதியுங்கள்

பெரியப்பா: தோப்புக்கு கேட் போட்டிருக்கிறது.

சரவணன்: சாவி உங்களிடம்தானே அப்பா

பெரியப்பா: 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தபோது தோப்பே படுத்துவிட்டது. பலா ஒன்று நிற்கவில்லை. வேரைப் பெயர்த்து, கன்று வைத்து, குடம் குடமாக ஊற்றியது நான். அப்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது சைக்கிள் விடத் தோப்பு வேண்டுமா?

அத்தை: பெரியண்ணா, நான் வந்தேன். கஞ்சி எடுத்து வந்தேன்.

பெரியப்பா: நீ வந்தாய். நான் உன்னைச் சொல்லவில்லை.

குமார் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரவணன்: சித்தப்பா என்ன போட்டீர்கள்

குமார் சித்தப்பா: ஒன்றுமில்லை. பாகப் பேச்சு இங்கே வேண்டாம். சின்ன அண்ணன் மணிவிழா நல்லபடியாக நடக்கட்டும்.

கவிதா அண்ணி: பந்திக்குப் பலாச்சுளை யார் பொறுப்பு? பண்ருட்டியில் சொல்லிவைக்கவேண்டாமா?

சரவணன்: நம் தோப்பிலேயே பழுத்திருக்கும்

குமார் சித்தப்பா: அதற்கும் சாவி வேண்டுமே

ரேவதி: பெரியப்பா, அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், ஆனாலும் நீங்கள் சொல்வது நியாயம். நீங்கள் வைத்த கன்றெல்லாம் இன்று தலைக்கு மேல் நிழல் தருகிறது. அந்த நிழலில்தான் பிள்ளைகளை ஓட்டவைக்கவேண்டும் என்கிறேன். விடிந்ததும் இறங்கி, 8 மணி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். யாரும் கிளை ஒடிக்கமாட்டார்கள், கொட்டை பொறுக்குகிறவர்களுக்கு வழி விட்டுத்தான் போவோம். முன்னால் நான், பின்னால் சித்தப்பா, நடுவில் பிள்ளைகள். நீங்களும் வந்து எந்த மரம் எந்த வருடம் வைத்தது என்று சொல்லவேண்டும்.

பெரியப்பா: 🎤 குரல் செய்தி 1:42

கவிதா அண்ணி: சத்தமாக இருக்கிறது, மாமா என்ன சொல்கிறார்?

சரவணன்: கிழக்குப் பக்கம் முழுக்க மணல், சைக்கிள் புதையும், மேற்கு வேலி ஓரமாகவே போகவேண்டும் என்கிறார். உதிர்ந்த முந்திரிப் பழத்தை மிதித்தால் சறுக்கும். கிணற்றுக் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறதாம், பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக்கூடாதாம். மீதி எல்லாம் குமார் சித்தப்பாவைத் திட்டு.

குமார் சித்தப்பா: கேட்டேன்

ரேவதி: அப்போ சாவி? 🙏🙏

பெரியப்பா: குமாரிடம் தரமாட்டேன். நீ வீட்டுக்கு வா, பார்க்கலாம்.

அத்தை: தோப்பு வரைக்கும் எப்படிப் போவீர்கள்? திருவந்திபுரம் ரோட்டில்தானே போகவேண்டும். முகூர்த்த நாள். கல்யாண வேனும் பஸ்ஸும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

ரேவதி: சைக்கிள்களை எல்லாம் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு கேட் வாசலில் இறக்குவோம் அத்தை. ரோட்டில் ஒரு அடி கூட மிதிக்கமாட்டோம். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் ஏறவிடமாட்டேன்.

அத்தை: அவன் ராத்திரி தூக்கத்தில் இன்னும் திடுக்கிட்டு எழுகிறான் ரேவதி.

ரேவதி: தெரியும் அத்தை. என்னிடம் சொன்னான்.

அத்தை: உன்னிடம் எப்போது சொன்னான்?

சரவணன்: சாமியானா ஆள் மதியம் வருகிறாரா காலையா?

குமார் சித்தப்பா: மதியம் என்றார். கேட்டுச் சொல்கிறேன்.

பாலா: சித்தப்பா, என் சைக்கிளில் பின் பிரேக் பிடிக்கவில்லை. கடைக்குக் கொண்டுவரட்டுமா?

குமார் சித்தப்பா: இப்போதே கொண்டுவா

அத்தை: பாலா, மாடியை விட்டு இறங்கி வா. பேசவேண்டும்.

ரேவதி: அத்தை ❤️

அத்தை: நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஹெல்மெட் அவன் தலைக்குச் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். லாரிக்கு யார் சொல்வது?

கவிதா அண்ணி: சனிக்கிழமை டிபன் தோப்பிலா மண்டபத்திலா? சமையல்காரர் லைனில் இருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.