காசிமேட்டு மீன் கேமராவுக்கான கன்வல்யூஷன் முடுக்கி: பெருக்கிகளைக் கூட்டுவதா, தரவின் நடையைக் குறைப்பதா?

ராயபுரத்தான்:
காசிமேட்டில் ஏலத்துக்கு வரும் கூடைகளிலுள்ள மீன் வகைகளைக் கேமரா வழியே அடையாளம் காணும் கருவியை எஃப்.பி.ஜி.ஏ. (உள்சுற்றைத் தேவைக்கேற்ப நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) பலகையில் அமைக்க நம் குழு திட்டமிட்டிருக்கிறது. அதன் முக்கிய வேலை கன்வல்யூஷன், அதாவது ‘எடைகள்’ எனும் எண்களைக் கொண்ட சிறு வடிகட்டியைப் படத்தின்மேல் நகர்த்திப் பெருக்கிக் கூட்டும் கணக்கு. உப்புக்காற்று புகாதபடி பெட்டியை முழுவதும் மூட வேண்டியிருப்பதால் உள்ளே மின்விசிறிக்கு இடமில்லை. ஆகவே ஒரு படத்துக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதே நமக்கு முதன்மையான அளவுகோல். பலகையிலுள்ள பெருக்கிகள் அனைத்தையும் வேலைக்கு இழுத்துவிட்டால் போதும் என்று குழுவில் பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஸ்டான்ஃபோர்டுப் பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-இல் 45 நானோமீட்டர் சிப் தொழில்நுட்பத்துக்கு வெளியிட்ட கணக்கின்படி, ஒரு 8 பிட் பெருக்கலுக்கு 0.2 பிக்கோஜூல் (ஒரு ஜூலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிக்கோஜூல்) ஆகிறது. சிப்புக்கு வெளியே உள்ள நினைவகமான டிராமிலிருந்து 64 பிட் எடுக்கவோ குறைந்தது 1,300 பிக்கோஜூல் ஆகிறது. ஒரு பைட்டுக்குச் சுமார் 160 பிக்கோஜூல், அதாவது 800 பெருக்கல்களின் விலை. துறைமுக வாயிலில் கன்டெய்னர் லாரிகள் தேங்கி நிற்கும்போது உள்ளே இன்னொரு கிரேனை நிறுவுவதால் என்ன பயன்?

வியாசை மாணவி:
அண்ணா, அந்த 800 என்ற எண்ணைத் தனியாக நிறுத்திக் காட்டுவது நியாயமன்று. கன்வல்யூஷனில் ஒரு பைட்டை ஒருமுறை மட்டுமா பயன்படுத்துகிறோம்? படங்களை வகைப்படுத்தும் வி.ஜி.ஜி.-16 நரம்பியல் வலையமைப்பில் 56×56 அளவும், உள்ளும் வெளியும் 256 சேனல்களும் (அதே அளவிலான எண்தளங்கள்) கொண்ட அடுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 185 கோடிப் பெருக்கல்கள் நடக்கின்றன. 8 பிட்டில் எடைகள், உள்ளீடு, வெளியீடு மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 22 லட்சம் பைட்டுகளே. ஒரு பைட்டுக்கு 840 பெருக்கல்கள் என்றாகிறது. உங்கள் கணக்கின்படியே பெருக்கலின் செலவும் டிராமின் செலவும் சமமாகிவிடுகின்றன. அப்படியிருக்கப் பெருக்கல்களைக் குறைக்கும் வழியை ஏன் ஒதுக்க வேண்டும்? கூட்டல்களை அதிகமாக்கிப் பெருக்கல்களைக் குறைக்கும் வினோகிராட் முறையில் 3×3 வடிகட்டியைக் கொண்டு 2×2 வெளியீட்டைப் பெற 36 பெருக்கல்களுக்குப் பதிலாக 16 போதும். 2.25 மடங்கு மிச்சத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு வலுவான காரணம் வேண்டும்.

ராயபுரத்தான்:
காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, 840 என்பது ஒவ்வொரு பைட்டும் டிராமிலிருந்து ஒரே ஒருமுறை வந்தால் மட்டுமே கிடைக்கும் எண். உள்நினைவகம் போதாமல் உள்ளீட்டை நான்கு முறை திரும்ப எடுத்தால் அந்தச் சமநிலை குலைந்துவிடும். 3×3 சன்னல்களை விரித்து அணிப்பெருக்கலாக மாற்றும் வழக்கமான முறையை வெளிநினைவகத்தில் செய்தாலோ, அதே உள்ளீடு ஒன்பது மடங்காகப் பெருகும். இரண்டாவது, சிப்புக்குள் இருக்கும் நினைவகமும் இலவசமன்று. அதே ஹொரோவிட்ஸ் கணக்கில் 8 கிலோபைட் எஸ்-ரேமிலிருந்து ஒரு பைட் எடுக்க 1.25 பிக்கோஜூல் ஆகிறது. அது ஆறு பெருக்கல்களுக்குச் சமம். ஒவ்வொரு பெருக்கலுக்கும் எடை, உள்ளீடு, பகுதிக்கூட்டல் (அதுவரை சேர்ந்த தொகை) மூன்றையும் அங்கிருந்து எடுத்தால் பெருக்கியின் செலவு கண்ணுக்கே தெரியாது. எம்.ஐ.டி.யினர் 2016-இல் வெளியிட்ட ஐரிஸ் சிப் இதற்காகவே வடிகட்டியின் ஒரு வரிசையை ஒவ்வொரு கணிப்பு அலகுக்குள்ளும் நிறுத்திவைத்து, அதன்மேல் உள்ளீட்டு வரிசையை நகர்த்தியது. 168 அலகுகளை மட்டுமே கொண்டு அலெக்ஸ்நெட் வலையமைப்பின் கன்வல்யூஷன் அடுக்குகளை நொடிக்கு 35 படங்கள் என்ற வேகத்தில் 278 மில்லிவாட்டில் ஓட்டினார்கள்.

வினோகிராட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளீட்டை உருமாற்றும்போது நான்கு எண்கள் கூடிக் கழிவதால் 8 பிட் 10 பிட்டாக வளர்கிறது. நம் பலகையில் 27×18 பெருக்கி ஒன்றிலேயே, ஒரு பொது எண்ணோடு இரண்டு 8 பிட் எண்களைப் பெருக்கிவிடுகிறோம். 10 பிட்டில் அந்த உத்தி பொருந்தாது. 2.25 மடங்கு பெற்று 2 மடங்கை இழந்தால் கையில் நிற்பது என்ன? போதாததற்கு, முன்கூட்டியே உருமாற்றி வைக்கும் எடைகள் ஒன்பதிலிருந்து பதினாறாகின்றன.

எண்ணூர்க் கரை:
இருவரும் வி.ஜி.ஜி.யைச் சுற்றியே வாதிடுகிறீர்கள். மூடிய பெட்டிக்குள் 13.8 கோடி எடைகள் கொண்ட வலையமைப்பை யார் வைக்கப்போகிறார்கள்? 2017-இல் வந்த மொபைல்நெட் என்ற சிறிய வலையமைப்பு, சேனல்வாரியாக ஒரு 3×3, அடுத்து சேனல்களைக் கலக்கும் ஒரு 1×1 என்று வேலையைப் பிரித்து, கணக்கை எட்டு ஒன்பது மடங்கு குறைத்தது; எடைகள் 42 லட்சம்தான். வன்பொருளை வளைப்பதற்கு முன் மாதிரியை மாற்றுங்கள்.

ராயபுரத்தான்:
மாதிரியை மாற்றுவதை வரவேற்கிறேன். ஆனால் அப்போது என் கவலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. சேனல்வாரி அடுக்கில் ஓர் உள்ளீட்டு பைட் அதிகபட்சம் ஒன்பது பெருக்கல்களுக்கு மட்டுமே உதவுகிறது. 14×14 அளவும் 512 சேனல்களும் கொண்ட அடுக்கில் ஒரு லட்சம் பைட்டுகளை உள்ளே கொண்டுவந்து, ஒன்பது லட்சம் பெருக்கல்களை முடித்து, மீண்டும் ஒரு லட்சத்தை வெளியே அனுப்புகிறோம். கூகுளின் நரம்பியல் வலையமைப்புச் சிப்பான முதல் டி.பி.யு.வில் இருந்தது போன்ற 256×256 பெருக்கி அணியில் இவ்வடுக்கை ஓட்டினால், சேனல்களுக்கிடையே கூட்டல் இல்லாததால் பெரும்பாலான அலகுகள் சும்மா நிற்கும். இரு அடுக்குகளையும் இணைத்து, 3×3-இன் விடை டிராமைத் தொடாமல் நேரே 1×1-க்குள் செல்லும்படி அமைத்தால்தான் மாதிரி தரும் மிச்சம் நமக்கு வந்துசேரும்.

வியாசை மாணவி:
அண்ணா, மொபைல்நெட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு பெருக்கல்கள் 1×1 அடுக்குகளில்தான் நடக்கின்றன. அங்கே வினோகிராடுக்கு இடமில்லை என்பதால் அதை இந்தப் பலகைக்கு நான் வற்புறுத்தவில்லை. வி.ஜி.ஜி. போன்ற அகன்ற 3×3 அடுக்குகளுக்கு, அதுவும் சொந்தமாகச் சிப் வடிக்கும் இடத்தில், என் வாதம் அப்படியே நிற்கிறது. இணைத்த வடிவமைப்பிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. 3×3 சன்னலுக்கு 512 சேனல்களிலும் வரிசைகளைச் சேமித்துவைக்கும் பஃபரும், 1×1-இன் 2,62,144 எடைகளும் ஒரே நேரத்தில் உள்நினைவகத்தில் இருந்தாக வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த பலகையில் இரண்டும் அடங்குமா என்று அடுக்குவாரியாகக் கணக்கிட்டு இங்கே இடுங்கள். டிராம் இணைப்பில் வந்துபோகும் பைட்டுகளை எண்ணும் கவுன்ட்டரை நான் எழுதித் தருகிறேன். இணைத்தும் இணைக்காமலும் ஒரே படத்தை ஓட்டி, பைட்டுகளையும் மின்செலவையும் சேர்த்தே அளப்போம்.