சொட்டைக்கு மருந்து போட்டவர்கள்: பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கிறீர்கள்?

கெடிலக்கரை:
போன வாரம் பாண்டி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் தோளைத் தட்டி, "டேய், அடையாளம் தெரியலையா?" என்றான். தெரியவில்லை. குரலை வைத்துத்தான் பிடித்தேன், காலேஜில் கூடப் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பேரும் சேர்ந்துதான் மினாக்ஸிடில் என்ற, தலையில் தடவும் மருந்தை ஆரம்பித்தோம். ஒரே கடையில் இரண்டு பாட்டிலாக வாங்கி டிஸ்கவுண்ட் கேட்போம். எனக்கு உச்சியில் சுமாராக வந்தது. அவனுக்கு அருமையாக வந்தது, பொறாமையே பட்டிருக்கிறேன். இப்போது காதுக்கு மேல் ஒரு வளையம் மட்டும்தான் மிச்சம். "கல்யாணம் ஆச்சு, பொண்ணு பொறந்துச்சு, இன்னும் யாருக்குடா தினம் ரெண்டு வேளை போடணும்னு விட்டுட்டேன். நாலஞ்சு மாசத்துல போயிடுச்சு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூர் பஸ்ஸில் ரெட்டிச்சாவடி தாண்டும்வரை தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்று மாதப் போட்டோ எல்லாம் வேண்டாம். ஐந்து, பத்து வருஷம் தாண்டியவர்கள் சொல்லுங்கள். இது நிற்குமா, நிற்காதா?

மஞ்சக்குப்பத்தான்:
நான் தாண்டிய கேஸ். ஆனால் மருந்து இல்லை, நட்டது. பின்மண்டையில் பட்டையாகத் தோலை வெட்டி எடுத்து, வேர் வேராகப் பிரித்து முன்னால் நடும் பழைய முறை. நட்டது கடைசிவரை இருக்கும் என்றார்கள். இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

போன வருஷம் மைத்துனி பையனுக்குத் திருவந்திபுரம் கோயிலில் மொட்டை. எனக்கு டெங்கு வந்தபோது மாமியார் என் பெயரிலும் ஒன்று வேண்டிக்கொண்டிருக்கிறார், அது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் தெளித்துப் பின்பக்கமாக வழித்துக்கொண்டே வந்தவர் கத்தியைச் சட்டென்று நிறுத்தினார். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். "என்னா தம்பி, மண்டையில ஆபரேஷனா?" படிக்கட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மாமியார் ஓடி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா?" என்றார். இத்தனைக்கும் கல்யாணம் நடந்ததும் அதே கோயிலில்தான். சின்ன வயதில் கட்டி எடுத்தது என்று சொல்லிச் சமாளித்தேன். மாமனார் இன்றுவரை அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, அதுதான் உறுத்துகிறது.

முடி திரும்பி வளர்ந்தபோது இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. நட்டது முன்னால் ஒரு திட்டாக நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி பின்வாங்கிவிட்டது, நடுவில் வெற்றிடம். நடுவது போன இடத்தை நிரப்பும், போய்க்கொண்டிருப்பதை நிறுத்தாது. இப்போது பார்க்கும் டாக்டர், முதலில் மாத்திரை சாப்பிட்டு இருப்பதைக் காப்பாற்று, அப்புறம் அடுத்த நடவைப் பேசலாம் என்கிறார். பின்மண்டையில் எடுக்க இருப்பும் அதிகம் இல்லையாம்.

லாஸ்பேட்டை லெஃப்டி:
சொட்டைக்குச் சாப்பிடும் மாத்திரை பினாஸ்டரைட், 1 மி.கி., சில வருஷங்களாக. ஏறு நெற்றி ஏறினது ஏறினதுதான், உச்சி மட்டும் ஆரம்பித்த நாள் போலவே இருக்கிறது. நான் சொல்ல வந்தது அது இல்லை.

எங்கள் கம்பெனியில் ரத்ததான முகாம். டீம் மொத்தமும் வரிசையில். படிவத்தில் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து என்ற இடத்தில் உண்மையை எழுதினேன். அந்த அம்மா படித்துவிட்டுச் சத்தமாகவே, "முடிக்குச் சாப்பிடுறதா? நிறுத்தி ஒரு மாசம் ஆனாத்தான் குடுக்கலாம் தம்பி" என்றார். பின்னால் நின்ற மேனேஜர், "மாத்திரை போட்டுமா இப்படி?" என்றார். அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் மாத்திரை.

காரணம் நியாயமானதுதான். அந்த ரத்தம் கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டால், வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால், அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். அதே வகை மாத்திரையான டூட்டாஸ்டரைட் என்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அது உடம்பை விட்டுப் போக அவ்வளவு நாளாகும். மாத்திரை எழுதிக் கொடுத்தவர் இதைச் சொல்லவே இல்லை.

பண்ருட்டி பலா:
பாண்டியில் ஒரு கிளினிக்கில் என் ரத்தத்தையே உறிஞ்சி, மிஷினில் சுற்றி, எனக்கே தலையில் குத்தினார்கள். பி.ஆர்.பி. என்று பெயர். ஊசி இறங்கும்போது ரிசப்ஷன் டி.வி.யில் ஷாம்பு விளம்பரம் ஓடியது, அதை மறக்க முடியவில்லை. பலன் ஒன்றும் இல்லை. விடுங்கள்.

எல்லோரும் கெமிக்கலையே பேசுகிறீர்கள். கடலூர்ப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு, சிப்காட் காற்று, அதற்கு மேல் ஹெல்மெட். இதில் முடி எப்படி நிற்கும்? முதலில் தண்ணீரை மாற்றுங்கள். கரிசலாங்கண்ணி, பொடுதலை, செம்பருத்தி மூன்றையும் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, வாரம் இரண்டு நாள் ஊறவைத்துக் குளியுங்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய். சின்ன வெங்காயத்தை நசுக்கிச் சொட்டை மேல் சூடு பறக்கத் தேயுங்கள், கண் எரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கை, போனை வேறு ரூமில் வைத்துவிட வேண்டும். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் அனுபவ உண்மை. எங்கள் சின்ன தாத்தா எழுபது வயதில் குடுமி வைத்திருந்தார், எந்த பாட்டிலும் வாங்கவில்லை.

மருந்துக்கடை மச்சான்:
பண்ருட்டி அண்ணா, கோபிக்காதீர்கள். உங்கள் சின்ன தாத்தாவுக்குக் குடுமி கொடுத்தது அவர் பரம்பரை. ஹெல்மெட் போட்டால் பக்கவாட்டு முடியும் சேர்ந்தல்லவா போக வேண்டும்? அது மட்டும் ஏன் நிற்கிறது? இந்த வகைச் சொட்டைக்குக் காரணம் டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோன். நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்கள் அதற்குச் சுருங்கும், பின்மண்டை வேர்கள் பெரும்பாலும் சுருங்காது. அதனால்தான் அங்கிருந்து எடுத்து நடுகிறார்கள். பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு இந்தச் சொட்டை விழுவதில்லை என்று 1942-லேயே ஹாமில்டன் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார். மொட்டை அடிப்பது தோலுக்கு மேலே நடக்கிற வேலை, வேருக்கு அது தெரியாது. வெங்காயம் தேய்ப்பது நம்மூரில் புழுவெட்டுக்குச் செய்வது, அது வேறு நோய்.

சரி, என் கதை. மிஷன் வீதிப் பக்கம் மருந்துக்கடை. ஒரு பையன் மினாக்ஸிடில் வாங்கிப் போன அடுத்த மாதம் திரும்பி வந்தான். கவுண்டரில் ஒரு பாலிதீன் கவரை வைத்தான். உள்ளே முடி. தலை துவட்டும்போதும் சீப்பிலும் விழுந்ததை எல்லாம் சேர்த்திருக்கிறான். "இதுக்குத்தான் காசு வாங்கினீங்களா?" என்றான், கண் கலங்கி. ஆரம்ப வாரங்களில் பலருக்குப் பழைய முடி கொட்டிவிட்டுத்தான் புதியது வரும், மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் கடையில் கூட்டம். பாட்டிலையும் கவரையும் வைத்துவிட்டுப் போனவன் வரவே இல்லை.

கெடிலக்கரை கேட்டதற்கு வருகிறேன். மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால்தான் தலையில் தடவும் மருந்தானது, அமெரிக்காவில் 1988-ல் அனுமதி. தலைத் தோலில் உள்ள ஒரு என்சைம் அதை மாற்றினால்தான் வேலை நடக்கும், அந்த என்சைம் சிலருக்குக் குறைவு, அவர்களுக்கு இந்த மருந்து அவ்வளவாகப் பலன் தராது. வந்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் உச்சம் தொடும், அப்புறம் மெல்ல இறங்கும். காரணம், அது டிஹெச்டியைத் தொடுவதே இல்லை. நிறுத்தினால் உங்கள் நண்பர் கதைதான். மருந்து கெடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை, இத்தனை வருஷமும் மருந்து மறைத்து வைத்திருந்த சொட்டை வெளியே வந்தது.

பினாஸ்டரைட் டிஹெச்டியையே குறைக்கிறது. ஐந்து வருஷ ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 48 சதவீதம் பேருக்குப் போட்டோவில் முடி கூடித் தெரிந்தது, 42 சதவீதம் பேருக்கு அப்படியே இருந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் எல்லாம் 41 வயதுக்குள் சேர்ந்தவர்கள், படம் எடுத்ததும் உச்சந்தலையை. ஏறு நெற்றிக்கு அதே கணக்கை எதிர்பார்க்காதீர்கள்.

அரியாங்குப்பம் ஆறுமுகம்:
சதவீதம் எல்லாம் சரி. மாத்திரை ஆரம்பித்த பிறகு எனக்குப் படுக்கையறையில் ஆர்வமே போய்விட்டது, ஒரு மாதிரி இருட்டு மனசு. கடற்கரைச் சாலையில் நண்பர்களோடு உட்கார்ந்து எல்லோரும் சிரிக்கும்போது எனக்கு எழுந்து போகத் தோன்றியது, அந்த ஒரு சாயங்காலம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. நிறுத்தினேன், மெதுவாகச் சரியானது. மருந்துக்கடை மச்சான் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?

மருந்துக்கடை மச்சான்:
விட்டது என் பக்கம்தான் தவறு. பாலுணர்வுச் சிக்கல் சிறுபான்மையினருக்கு வருவது ஆய்வுகளிலேயே இருக்கிறது. சிலருக்கு நிறுத்திய பிறகும் தொடர்வதாகப் புகார்கள் உண்டு. தற்கொலை எண்ணத்தை இதன் பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் உறுதிசெய்தது. மனநிலை மாறினால் 1 மி.கி. சாப்பிடுபவர் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். சீட்டு இல்லாமல் கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

நெய்வேலி பென்ஷன்:
தம்பிகளா, இருபது வருஷம் தாண்டியவன் பேசுகிறேன். புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு வரும் 5 மி.கி. பினாஸ்டரைட் மாத்திரையை நாலாக வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தவன். வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்தபோது மட்டும் உடைத்த துண்டு எங்கேயும் சிந்தாமல் பார்த்துக்கொண்டேன். தலை எப்படி என்றால், அண்ணன் தம்பி நாலு பேரில் சீப்பு வைத்திருப்பவன் நான் மட்டும்தான். ஆனால் பத்து வருஷத்துக்கு முன் எடுத்த போட்டோவில் இருந்த அடர்த்தி இன்றைக்கு இல்லை.

என்னை உறுத்துவது வேறு. சிறுநீர் அடைப்பு என்று கோரிமேடு ஜிப்மர் போனேன். புரோஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. டெஸ்ட் பார்த்துவிட்டு சின்ன வயது டாக்டர், "ரொம்ப நல்லா இருக்கே சார்" என்று பேப்பரை மூடினார். கிளம்பிக் கதவுவரை வந்துவிட்டேன். வீட்டம்மா பின்னாலிருந்து, "அந்த முடி மாத்திரையைச் சொன்னீங்களா?" என்றாள். அவர் மறுபடி உட்காரச் சொன்னார். இந்த மாத்திரை அந்த எண்ணைப் பாதியாக்கிக் காட்டுமாம். இரண்டால் பெருக்கிப் பார்த்தார், முகம் மாறியது. இன்னும் சில டெஸ்ட் எழுதினார். நல்லவேளை, கடைசியில் புற்றுநோய் இல்லை, வெறும் வீக்கம்தான். நாற்பது தாண்டி இதைச் சாப்பிடுகிறவர்கள், எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பண்ருட்டி பலா:
வெங்காயத்தைப் புழுவெட்டு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். போர் தண்ணீருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.