பேர்ட் ஆஃப் பாரடைஸ்: இலை மட்டும் வருது, பூ வரலையா?

முதல்ல செடி அதுதானான்னு பாருங்க. இங்கே நர்சரிகளில் ஹெலிகோனியாவையும் இதே பேரில் கொடுத்துடுவாங்க. ஹெலிகோனியா இலை மெல்லிசு, வாழையிலை மாதிரி. அசல் பேர்ட் ஆஃப் பாரடைஸான ஸ்ட்ரெலிட்சியாவின் இலை தடிப்பா, சாம்பல் பூத்த பச்சையில், நீளக் காம்போடு விசிறி மாதிரி விரியும். பூவில் ஆரஞ்சு இதழுக்கு நடுவே நீல அம்பு நிற்கும்.

—

செடி சரி, பூ மட்டும் இல்லைன்னா நடவு ஆழத்தைச் சந்தேகப்படுங்க. சதைப்பற்றான வேரின் மேல்பகுதி மண்மட்டத்தில் லேசா தெரியணும். தூரை மூடிப் புதைச்சா பூ தள்ளிப்போகும். வெயில் தினம் 5, 6 மணி நேரமாவது வேணும். யூரியா போட்டா இலைதான் கொழிக்கும். தொழுவுரமும் கொஞ்சம் எலும்புத்தூளும் போதும். மண் கலவைக்குச் செம்மண், மணல், மக்கிய உரம் சம அளவு. தண்ணி தேங்கினா வேர் அழுகி, நடுக்குருத்து பழுப்பாகி, இழுத்தா கையோடு வந்துடும். அந்த நிலைக்கு வந்தபின் மருந்து ஊத்துறது வீண்.

—

அடிக்கடி தொட்டி மாத்துறதும் தப்பு. வேர் நெருக்கமா இருந்தாத்தான் இது பூக்கும். தூர் பிரிக்கிறதா இருந்தா ஒரு துண்டில் 4, 5 குருத்தாவது விடுங்க. ஒத்தைக் குருத்தா பிச்சு நட்டா வருஷக்கணக்கில் இலையைத்தான் பார்க்கணும். வெட்டின இடத்தில் சாம்பல் தடவி, ஒருநாள் நிழலில் உலர்த்தி நடுங்க.

—

விதைன்னா, கறுப்பு விதைமேல் இருக்கும் ஆரஞ்சு நார்க்குஞ்சத்தைப் பிய்ச்சுடுங்க. விதைத்தோலை அரத்தால் லேசா உரசி, ரெண்டு நாள் தண்ணியில் ஊறவிட்டு, ஒரு செ.மீ. ஆழத்தில் போடுங்க. ஒரு மாசத்திலும் முளைக்கும், மூணு மாசமும் ஆகும், தோண்டிப் பார்க்காதீங்க. அதுலிருந்து பூவுக்கு 3 முதல் 5 வருஷம். தென்னாப்பிரிக்காவில் மகரந்தம் கடத்தப் பறவை வந்து அந்த நீல அம்பில் உட்காரும். நம்ம தோட்டத்தில் விதை வேணும்னா, அம்பை விரிச்சு மகரந்தத்தை எடுத்து நுனியில் நீட்டியிருக்கும் சூல்முடியில் கையாலேயே தடவணும்.

—

இலைக்காம்பு இடுக்குகளில் மாவுப்பூச்சி ஒளிஞ்சிருக்கும். லிட்டர் தண்ணிக்கு 5 மிலி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் அடிங்க. இலை கிழியுதேன்னு கவலை வேண்டாம், அது காத்து செய்யற வேலை.

முதல் பூ வாடினதும் தண்டோடு வெட்டிடாதீங்க. அலகு மாதிரி இருக்கிற மடலுக்குள்ள இன்னும் நாலைஞ்சு பூ அடுக்கா இருக்கும். தானா வரலைன்னா மடல் மேல்விளிம்பை ஈரத்துணியால் இளக்கி, கட்டைவிரலை உள்ளே விட்டு அடுத்ததை மெல்ல மேலே தூக்கிவிடலாம்.