கிடேப்போவா, மாசாய் மாராவா?

ஊர்சுற்றி:
பிப்ரவரியில் பத்து நாள் விடுப்பு. நானும் மனைவியும் முதல்முறையாக ஆப்பிரிக்கா போகிறோம். கேட்டவர்கள் எல்லோரும் கென்யாவின் மாசாய் மாரா விலங்குக் காப்பகம் என்கிறார்கள். எனக்கோ உகாண்டாவின் வடகிழக்கு மூலையில், தெற்கு சூடான் எல்லையை ஒட்டிய கிடேப்போ காட்டின் மேல்தான் கண். சரிப்படுமா?

கணக்குப்பிள்ளை:
சரிப்படாது. உகாண்டா தலைநகர் கம்பாலாவிலிருந்து கிடேப்போவுக்குச் சாலையில் போக ஒரு முழுப் பகல், திரும்ப ஒரு பகல். சிறு விமானத்தில் போனால் பர்ஸ் காலி. மாராவில் அந்த நேரத்துக்குச் சிங்கம், யானை எல்லாம் பார்த்து முடித்துவிடலாம்.

கம்பாலாவாசி:
பார்க்கலாம், இன்னும் 20 வண்டிகளோடு. ஒரு சிவிங்கிப்புலி படுத்திருந்தது. அதைவிட எதிர் வண்டிக்காரரின் தொப்பியைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். கிடேப்போவில் பிப்ரவரி வறட்சிக் காலம். தண்ணீர் மிஞ்சுவது நாருஸ் பள்ளத்தாக்கில்தான், அதனால் விலங்குகள் எல்லாமே அங்கே இறங்கிவிடும். ஒரு காலையில் காட்டெருமைக் கூட்டம் பாதையைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆனது. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வேறு வண்டியே இல்லை.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் மாரா போனது ஆகஸ்டாக இருக்கும். விலங்குகள் ஆற்றைக் கடக்கும் ஜூலை–அக்டோபரில்தான் அந்த நெரிசல். அதை வைத்து பிப்ரவரியைத் திட்டாதீர்கள். வேறு வண்டியே இல்லை என்பதன் மறுபக்கத்தையும் சொல்கிறேன். கிடேப்போ போகும் வழியில் கிட்கும் ஊரைத் தாண்டி எங்கள் வண்டி பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் மொட்டை டயர். பத்து கிலோமீட்டரில் அதுவும் போனது. நாலு மணி நேரம் வெயிலில் நின்றோம்.

கம்பாலாவாசி:
ஆகஸ்ட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொட்டை டயர் வண்டிக்காரரின் தப்பு, காட்டின் தப்பு இல்லையே!

பனங்காட்டான்:
பனையை யாருமே சொல்லவில்லையே? வருடத்தில் பெரும்பகுதி நாள் கிடேப்போ ஆற்றில் வெறும் மணல்தான். கரையில் வரிசையாகப் பனை. நம் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரம், ஆனால் மரத்தின் நடுவில் தொப்பை. காற்றடித்தால் ஓலை அதே சலசலப்பு. கிடேப்போ என்ற பேரே ‘பொறுக்குதல்’ என்ற சொல்லிலிருந்து வந்ததாம். பனம்பழம் பொறுக்கிப்போய்ப் புளிக்கவைத்துக் குடிப்பார்கள்.

செம்மண்:
பொறுக்கியவர்கள் இப்போது எங்கே, அண்ணே? 1962-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். டோடோத், இக் மக்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு இல்லாமல் போனது. நாம் போய்ப் பனையைப் படம் பிடிக்கிறோம்.

கம்பாலாவாசி:
நியாயமான கேள்வி. உகாண்டா சட்டப்படி நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போக வேண்டும். ஆள் வந்தால்தானே கட்டணம்?

செம்மண்:
பறித்தது முழுசு, கொடுப்பது ஐந்தில் ஒன்று. அதுவும் வேறு வண்டியே வராத காட்டில்! போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் அந்த வட்டாரமான கரமோஜாவின் ஆளையே வழிகாட்டியாக வையுங்கள், அந்தக் கூலியாவது கைக்கு நேராகப் போகும்.

ஊர்சுற்றி:
அந்தப் பனைக்காகவே கிடேப்போ. முடிவு செய்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
சரி, பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டு அட்டை வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். அப்புறம், பணம் கட்டும் முன் ஸ்டெப்னியை நீங்களே குனிந்து பாருங்கள்.