குப்ரிக்கின் ‘தி கில்லிங்’: காலத்தைக் கலைத்தது தேவைதானா?

கேள்வி (வடசேரி): 1956இல் வெளியான இப்படத்தை நேற்று நண்பர்களுடன் பார்த்தேன். குதிரைப் பந்தயத் திடலில் நடக்கும் கொள்ளையை முன்னும் பின்னுமாகச் சொல்வது கதைக்குத் தேவையா, வெறும் உத்தியா? பின்னணிக் குரலும் எனக்கு இடையூறாகவே பட்டது.

பதில் (தக்கலை): தேவையே. ஒவ்வொரு கூட்டாளியின் வழியாகவும் அதே பந்தயப் பொழுதுக்கு நாம் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்படுவதால், அத்திட்டம் எத்தனை பேரின் பலவீனத்தின்மேல் நிற்கிறது என்பது யாரும் விளக்காமலே புரிகிறது. குறிப்பாக, மனைவியின் அன்புக்காக ஏங்கி இரகசியத்தை உளறிவிடும் காசாளர் ஜார்ஜ், எலிஷா குக்கின் நடிப்பில் மனத்தை விட்டு அகலவில்லை.

பதில் (ஆரல்வாய்மொழி): தக்கலை அண்ணன் சொல்வது சரி, ஆனால் பின்னணிக் குரல் மிகை என்பதே என் கருத்தும். விமான விசிறிக் காற்றில் நோட்டுகள் பறக்கும் இறுதிக் காட்சி, காற்றோடு வாழும் எங்கள் ஊர்க்காரனை உலுக்கியது. அதை எடுத்தபோது இயக்குநருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.