மட்டக்களப்பில ஒரு நாள், நானும் மனுசியும்: எங்க நடக்கிறது, என்ன சாப்பிடுறது?

வவுனியாப் பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். வாற மாசம் எங்கட பத்தாவது கல்யாண நாள். மனுசிட அம்மம்மா புளியந்தீவில பிறந்து வளந்தவ, 90ல ஊரை விட்டு வந்தாப்பிறகு திரும்பிப் போகவே இல்ல, போன வருசம் தவறிட்டா. சின்னனில இருந்து மனுசி கேட்டு வளந்தது முழுக்க வாவிக் கதை, பாடுற மீன் கதை, சட்டித் தயிர்க் கதை, ஆனா இண்டைக்கு வரைக்கும் அவ அந்த ஊருக்குப் போனதில்ல. இந்த முறை பிள்ளையள அம்மாவோட விட்டிட்டு நாங்க ரெண்டு பேரும் மட்டும் வாறம். வெள்ளி இரவு வந்து கல்லடியில தங்கிறம், சனி முழு நாளும் இருக்கு, ஞாயிறு காலமை திரும்பணும். வான் பிடிச்சு 15 இடம் ஓடி ஓடிப் பாக்க விருப்பமில்ல. நடக்கணும், களைச்சா இருக்கணும், பசிச்சா சாப்பிடணும், அவ்வளவுதான். அவவுக்கு மீன் எண்டா உயிர், எனக்கு உறைப்பு கூடினா வயிறு ஒத்துக்கொள்ளாது. எங்க தொடங்கிறது? பாடுற மீன் உண்மையாவே கேக்குமா?

வாவிக்கரையான்:
முதல்ல ரெண்டு பேரும் சந்தோசமா வாங்க தம்பி. புளியந்தீவு பேருக்கேத்த மாதிரி தீவுதான், எந்த ரோட்டால நடந்தாலும் கடைசியில தண்ணியிலதான் போய் முட்டுவீங்க, அதால மேப் ஒண்டும் தேவையில்ல. வெள்ளென 6 மணிக்கே வெளிக்கிடுங்க, 10 மணி தாண்டினா வெயில் மண்டையப் பிளக்கும், குடை கட்டாயம்.

காலமைச் சாப்பாட்டுக்கு பெரிய ஹோட்டல் தேடாதீங்க. சந்தைப் பக்கம் சின்னக் கடைகள்ல புட்டும் மீனாணமும் (மீன் குழம்பு) சுடச்சுட இரிக்கும், உங்களுக்கு இடியப்பமும் பால் சொதியும் சொல்லுங்க, உறைப்புப் பிரச்சினை வராது. மறுகா கோட்டைக்கு நடங்க. போர்த்துக்கேயர் 1628ல கட்டினது, பத்து வருசம் கழிச்சு 1638ல ஒல்லாந்தர் பிடிச்சாங்க, கண்டி ராசா இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை விரட்டக் கூப்பிட்டுத்தான் அவங்க வந்தது, இலங்கையில அவங்க கையில முதல் விழுந்த கோட்டையும் இதுதான். ரெண்டு பக்கம் வாவி, ரெண்டு பக்கம் அகழி. கனகாலம் கச்சேரி (மாவட்ட அரசாங்கக் கந்தோர்) அதுக்குள்ளதான் நடந்தது, நாங்கெல்லாம் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போய் லைனில நிண்ட இடம். அந்தச் சுவரில கைய வச்சிக்கொண்டு வாவியப் பாத்து கொஞ்ச நேரம் நில்லுங்க, காத்து வாற அந்த இடத்தில எனக்கு ஒரு நாளும் அலுத்ததில்ல.

அங்கால காந்தி பூங்கா, அதில மட்டக்களப்பு வாயில். 1814ல வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்திறங்கின இடம் எண்டு சொல்லுற பழைய துறை. மெதடிஸ்த மத்திய கல்லூரியத் தொடங்கினவர் அவர்தான், வந்து ஒரு வருசம் முடிய முந்தியே 1815ல இஞ்சயே காலமாயிட்டார். வெயில் ஏறினா மர நிழல்ல இருந்து கடலை வாங்கிச் சாப்பிட்டுக் கதைச்சிக்கொண்டு இருங்க.

தயிர மட்டும் மறந்திராதீங்க. வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரையில இருந்து வாற எருமைத் தயிர், சட்டியக் கவுத்தாலும் விழக் கூடாது, அதுதான் கணக்கு. மேல மஞ்சளா ஒரு ஆடை படிஞ்சிரிக்கும், அத மனுசிக்குக் குடுங்க, கித்துள் பாணிய கடைசியா ஊத்துங்க, முதலே ஊத்தினா தண்ணியாப் போயிரும்.

ஒண்டு கேக்கணும், அம்மம்மா வேதக்காரரா? எந்தக் கோயில்ல ஞானஸ்நானம் எண்டு தெரியுமா?

கல்லடிப் புள்ள:
வாவிக்கரையான் அண்ணா சொன்னது எல்லாம் சரி, தொடங்கிற இடம் மட்டும் எனக்குச் சம்மதமில்ல. கல்லடியில தங்கிற ஆக்கள விடியக்காலமையே புளியந்தீவுக்கு ஏன் விரட்டுறீங்க? இது எழுவான்கரை கா, சூரியன் கடலுக்குள்ளால எழும்புறத பாக்காம போறதா? கடற்கரையில நடங்க, தோணி கரைக்கு வாற நேரம், வலையில இருந்து மீன் கழட்டுறதப் பாக்கலாம். 2004 சுனாமி இந்தக் கரையில எத்தின வீட்டக் கொண்டு போனதெண்டு எங்களுக்குத் தெரியும், எங்கட பெரியம்மா குடும்பமும் அதிலதான், அதால கடல் குளிக்க இறங்கினா கவனமா இறங்குங்க, இழுவை கூட. பிறகு சிவானந்தா பள்ளிக்கூடத்தில விபுலாநந்த அடிகளாரிட சமாதி இரிக்கி, காரைதீவில பிறந்த மனிசன், தமிழிசையப் பத்தி அவர் எழுதின யாழ் நூல் வெளிவந்த அதே 1947ல கண் மூடினவர். ஒரு நிமிசம் நிண்டு கும்பிட்டிட்டுப் போங்க.

பாடுற மீனப் பத்தி. கேக்கும். ஆனா வந்த உடன கேக்காது. சித்திரையில இருந்து புரட்டாசி வரைக்கும், அதிலயும் பூரணை நாளில, காத்தில்லாம வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கிற ராவில. எங்கட அப்பா மீன்பிடிகாரர், நான் ஏழு வயசா இருக்கக்குள்ள தோணியில கூட்டிப் போனவர், பாலத்துக்கிட்ட போனதும் வலிக்கிறத நிப்பாட்டி, துடுப்பிட ஒரு நுனியத் தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனிய என்ட காதில வச்சார். முதல்ல தண்ணி அலம்புற சத்தம்தான், கொஞ்சம் கழிய கம்பிய விரலால தட்டி விட்ட மாதிரி ஒரு சத்தம், பிறகு இன்னொண்டு, அங்க ஒண்டு இங்க ஒண்டு. மீனில்ல, அது ஊரி (சிப்பி, நத்தை மாதிரி ஓடுள்ளது) எண்டு அப்பா சொல்லுவார், இண்டைக்கும் ஆக்கள் அதுக்குச் சண்டை பிடிக்கிறதுதான். பின்னேரம் பழைய கல்லடிப் பாலத்துக்கு வாங்க, ஆளுநர் மானிங்கிட மனுசி பேரில கட்டின இரும்புப் பாலம், 2013ல புதுப்பாலம் திறந்தாப்பிறகு வாகன நெருக்கம் இல்ல, ஆறுதலா நடக்கலாம். தோணிகாரர் யாரையும் பிடிச்சிக் கேட்டா கூட்டிப் போவாங்க.

காத்தான்குடி நானா:
ராச்சாப்பாட்டுக்கு எங்கட ஊருக்கு வாங்க, கல்லடியில இருந்து ஓட்டோவில கொஞ்ச நேரம்தான். நடு ரோட்டில பேரீச்ச மரம் வரிசையா நிக்கும், கண்டுபிடிக்கக் கஷ்டமில்ல. சனிக்கிழமை வாறது நல்லம், வெள்ளி பகல் ஜும்ஆ நேரம் கடையெல்லாம் பூட்டு. சஹன் சோறு (ஒரு பெரிய தட்டில கன பேர் சேந்து சாப்பிடுறது) ரெண்டு பேருக்குப் பெரிசு, பிளேட்டா எடுங்க. அல்வா ஒரு பெட்டி கட்டிக்கொண்டு போங்க பிள்ளைகளுக்கு.

ஒரு விசயம், எங்க நண்டு, இறால் சாப்பிட்டாலும் எடை போட முந்தி விலையக் கேளுங்க. நானும் ஊட்டுக்காரியும் ஒரு இடத்தில கேக்காமச் சாப்பிட்டு பில்லைக் கண்டு கவலையோட வந்தனாங்க, அந்த நாளே கெட்டுப் போச்சு.

வவுனியாப் பொடியன்:
எல்லாருக்கும் மிச்சம் நன்றி. இதெல்லாத்தையும் மனுசிக்கு வாசிச்சுக் காட்டினன், துடுப்பு கதை வந்ததும் அழுதிட்டா, அம்மம்மாவும் இதே மாதிரித்தான் சொன்னவவாம், அவவிட அண்ணன் காதில வச்சு விட்டவராம். வாவிக்கரையான் அண்ணா, ஓம், வேதக்காரர்தான், புளியந்தீவு மரியாள் கோயில்லதான் ஞானஸ்நானம் எண்டு மாமி சொல்லுறா.

வாவிக்கரையான்:
அப்ப கடற்கரையில சூரியனப் பாத்திட்டு (தங்கச்சி சொன்னது சரிதான்) நேர மரியாள் பேராலயத்துக்குப் போங்க, கோட்டை பிறகு பாக்கலாம், அது ஓடாது. பங்குத்தந்தையிட்ட முதலே கோல் பண்ணி ஞானஸ்நானப் புத்தகம் பாக்க ஏலுமா எண்டு கேளுங்க. அம்மம்மா பிறந்த வருசம், அவவிட அப்பாட பேர் ரெண்டையும் மாமியிட்டக் கேட்டு எழுதிக் கொண்டு வாங்க. வர முந்தி நிலவு எப்ப எண்டு கலண்டரப் பாத்து நாளைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏலுமெண்டா தள்ளி வைங்க.