தொண்டை வலிக்கு ‘எதிர்ப்பு சக்தி’ மாத்திரை வாங்கலாமா? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்த புதிதில் தொண்டை கட்டிக்கொள்வது இங்கே பலருக்கும் நடக்கும். வெளியே புழுக்கம், அலுவலகத்தில் ஸ்வெட்டர் கேட்கும் ஏசி, காலை எம்ஆர்டி ரயிலில் நெரிசல். சில வருடம் சுமத்ரா பக்கத்துப் புகைமூட்டம் வேறு. உடனே வாட்ஸப் குழுவில் யாராவது, “வாயில் வைத்துக் கரைத்தால் எதிர்ப்பு சக்தி கூடும்” என்று ஒரு மாத்திரைப் படத்தைப் போட்டுவிடுவார்கள்.

அந்த வகையில் அடிக்கடி பேசப்படுபவை இரண்டு. ஒன்று, பாக்டீரியாக்களைக் கொன்று, சிதைத்து, அந்தத் துணுக்குகளில் செய்யும் மாத்திரை. ரஷ்யாவில் இமுடான் என்ற பெயரில் பிரபலம். துணுக்குகள் பட்டதும் வாயின் உட்சவ்வு உஷாராகி, எச்சிலில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளைக் கூடுதலாகச் சுரக்கும் என்பது கணக்கு. இன்னொன்று லைசோசைம், 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விவரித்த நொதி. நம் எச்சிலிலும் கண்ணீரிலும் தானாகவே இருப்பதுதான். மாத்திரைக்குக் கோழிமுட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கிறார்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் தொடாதீர்கள். சைவக்காரர்களும் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வலி வந்தபிறகு இவற்றுக்குக் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. லைசோசைம் உடைப்பது பாக்டீரியாவின் சுவரை. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. பாக்டீரியாத் துணுக்கு மருந்துகளை ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் மறுஆய்வு செய்தது. திரும்பத் திரும்ப வரும் சுவாசத் தொற்றைத் தடுக்க மட்டும் தரலாம், வந்துவிட்ட தொற்றுக்குச் சிகிச்சையாக வேண்டாம் என்றது. அந்தத் தடுப்புப் பலனுக்கும் புது ஆய்வுகளைக் காட்டும்படி கம்பெனிகளுக்கு 2026 வரை கெடு வைத்தது.

சரி, வலிக்கு என்ன செய்வது? வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், பாரசிட்டமால் போடுங்கள். கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக் கடைகளில் மருந்தாளரிடம் பென்சிடமின் ஸ்பிரே கேட்டால் வலி மட்டுப்படும். போவிடோன் அயோடின் கொப்பளிப்பான் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. காய்ச்சல் இருந்து இருமல் இல்லாமல், டான்சிலில் வெள்ளை படிந்து, கழுத்தில் நெறி கட்டினால் பாக்டீரியாவாக இருக்கலாம். கிளினிக்குக்கோ பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) போங்கள். எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) அங்கே கிடைக்கும். ஆன்டிபயாடிக் இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. ஊரில் மிச்சமானதைப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். எச்சில்கூட விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் ஆம்புலன்ஸுக்கு 995தான்.

கீழே கருத்துப் பகுதியில் ஒருவர், ஆஸ்துமா இன்ஹேலர் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து நாக்கில் வெள்ளையாகப் படிகிறது என்று கேட்டிருக்கிறார். ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். ஒவ்வொரு முறை இழுத்தபின்பும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். பூஞ்சைக்குத் தனி மருந்து உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கும் இப்படி வரும்.

அப்புறம், ஊரிலிருந்து மருந்து கொண்டுவருபவர்கள்: சொந்த உபயோகத்துக்கு 3 மாத அளவைத் தாண்டக்கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தென்றால் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதியை முதலில் பாருங்கள். சுக்கும் அதிமதுரமும் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவிலேயே கிடைக்கும், அம்மாவைப் பார்சல் கட்டச் சொல்ல வேண்டியதில்லை. பிரஷர் உள்ளவர்கள் மட்டும் அதிமதுரத்தைத் தினமும் மெல்லாதீர்கள், பிரஷரை ஏற்றிவிடும்.